பசுமைக்குடிலுக்கு நிரந்தரப் பொறுப்பாளர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேளாண் ஆராய்ச்சிக்காகப் புதிய பசுமைக்குடில்கள் திறக்கப்படும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் எழுகிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பசுமைக்குடில்களில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அவற்றைக் கட்டுவதற்குக் கிடைக்கும் நிதி, கட்டிய பின் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கிடைப்பதில்லை என்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

வயலில் ஒருநாள் தண்ணீர் பாயாவிட்டாலும் மண் தாங்கிக்கொள்ளும். தொட்டிச் செடிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. கோடையில் விசிறிகளோ, நீர் வழிந்து காற்றைக் குளிர்விக்கும் கூலிங் பேடுகளோ நின்றுவிட்டால், பாலித்தீன் கூரையின் கீழ் வெப்பம் வெளியில் உள்ளதைவிட மிக விரைவாக ஏறிவிடும். நெற்பூ ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே விரிந்திருக்கும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் மகரந்தச் சேர்க்கை கெட்டுக் கதிர் பதராகும். ஒரு சித்திரை மாதம், சனிக்கிழமை இரவில், கூலிங் பேடுகளுக்கு நீரேற்றும் மோட்டார் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைக்கு எவருக்கும் பணி ஒதுக்கப்படவில்லை. திங்கள் காலையில் நான் கதவைத் திறந்தபோது, ஆராய்ச்சி மாணவி ஒருவர் கையாலேயே பூக்களின் ஆண்பகுதியை நீக்கி, வேறு செடியின் மகரந்தத்தைச் சேர்த்துக் கலப்பு செய்திருந்த நெற்கதிர்கள் வெந்து வெளுத்திருந்தன. அவருக்கு ஒரு பருவம் முழுவதும் போயிற்று. உதவித்தொகைக் காலமோ அதற்காக நீட்டிக்கப்படவில்லை. அவர் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

பூச்சி மேலாண்மையோ இதைவிடச் சிக்கலானது. இலைச்சுருள் வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈக்கள் சில, திறந்து வைத்த கதவு வழியே நுழைந்தாலே போதும், தக்காளி ஆய்வு முழுவதும் ஐயத்துக்குரியதாகிவிடும். ஆகவே இரட்டைக் கதவுகளில் ஒன்று மூடிய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். நோய்ச் செடிகள் உள்ள குடிலுக்குச் சென்றவர் அன்று நலமான குடிலுக்குள் நுழையக் கூடாது. இலைகளின் அடிப்புறத்தை நாள்தோறும் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரே குடிலில் ஒருவர் பயிர்ப்பூச்சிகளை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை வைத்து ஆய்வு செய்ய, பக்கத்து மேசைக்காரர் பூச்சிமருந்து தெளிக்க விரும்பினால் யார் முடிவெடுப்பது? பேராசிரியரிடமும் "இன்று தெளிக்கக் கூடாது" என்று சொல்லும் அதிகாரம் பெற்ற ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். மாதந்தோறும் மாறும் ஒப்பந்தத் தொழிலாளியிடம், அவர் எவ்வளவு அக்கறையானவராயினும், இதை எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரால் பேடுகளில் சுண்ணாம்பு படிவதைக் கவனித்துக் கழுவுவதற்குக்கூடத் தொடர்ந்து பார்த்துவரும் கண் தேவை.

எனவே, பசுமைக்குடில் கேட்டு வரும் ஒவ்வொரு திட்ட முன்மொழிவிலும் பராமரிப்புச் செலவைத் தனித் தலைப்பாகக் காட்டுவதை நிதி வழங்கும் அமைப்புகள் கட்டாயமாக்க வேண்டும். ஆராய்ச்சிக் குடில்கள் உள்ள ஒவ்வொரு வளாகத்திலும் பயிற்சி பெற்ற நிரந்தரப் பொறுப்பாளர் பணியிடத்தை அரசு உருவாக்கி, விடுமுறை நாட்களுக்கான பணிமுறைப் பட்டியலையும் வெப்பம் எல்லை மீறினால் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவியையும் வரும் கோடைக்கு முன்பே ஏற்பாடு செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பசுமைக்குடில் பணியாளர்,
ஈரோடு