'சரிபார்த்தவர்' என்ற கட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற சார்ஜ்மேன், அதாவது மின்சார வேலைகளைப் பொறுப்பேற்றுப் பார்க்கும் தொழிலாளி. என் மகள் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், வயது 25. பிறையில் கண்ட்ரோல் பேனல் செய்து கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஒரு வருடம் நான்கு மாதமாக வேலை பார்க்கிறாள். அதை விடலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக எங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது.

முதலில் அவள் கேட்டபோது, "ரெண்டு வருஷமாவது பல்லைக் கடிச்சுக்கிட்டு இரும்மா" என்றேன். சம்பளம் 3,400 ரிங்கிட். படிப்புக்கு வாங்கிய பிடிபிடிஎன் அரசுக் கடன் வேறு இருக்கிறது. முதலாளியும் நல்ல மனிதர், சம்பளத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட்டதில்லை.

அப்புறம் ஒரு நாள் இரவு சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். வலது பக்கக் கீழ் மூலையில் பெயர் போடும் கட்டங்கள் இருக்குமே, அதில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் அவள் பெயர். 'சரிபார்த்தவர்' என்ற இடத்திலும் அவள் பெயர்தான். யார் பார்த்துக் கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் பார்க்கலப்பா. அங்க இன்ஜினியர் நான் ஒருத்திதான்" என்றாள்.

அந்த வாரம்தான் நடந்ததையும் சொன்னாள். எட்டு மோட்டார்களுக்குப் போகும் கேபிள்களை ஒரே டிரங்கிங்கில், அதாவது கேபிள் ஓடும் மூடி போட்ட நீளப் பெட்டியில், போட வரைந்திருக்கிறாள். அட்டவணையில் தனியாகப் போகும் கேபிளுக்குத் தந்திருந்த ஆம்பியரைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். எட்டும் நெருக்கிக்கொண்டு முழுச் சுமையில் ஓடினால் ஒன்றையொன்று சூடாக்கும், ஒவ்வொன்றும் தாங்கும் மின்னோட்டம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இப்படிச் சேர்த்துப் போடுவதைத்தான் குரூப்பிங் என்போம். சாதாரண பிவிசி கேபிள் 70 டிகிரிக்கு மேல் தாங்காது. இரண்டு வாரத்தில் டிரங்கிங் மூடியில் கை வைக்க முடியவில்லை. ஒரு வயதான வயர்மேன் வாடையை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். கேபிள் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. "நீதானே இன்ஜினியர்" என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். இது கல்லூரியில் படித்த பாடம்தான். ஆனால் வேலையில் முதல் தடவை செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நின்று "குரூப்பிங் பார்த்தியா?" என்று கேட்டால்தான் அது கையோடு ஒட்டும்.

எனக்கு அப்படி ஒருவர் இருந்தார். 1986-இல், பினாங்குப் பாலம் திறந்த மறு வருடம், ஹோண்டா கப்பில் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போனேன். அங்கே ஒரு சீன சார்ஜ்மேன். பேசுவதெல்லாம் மலாயில். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பார், அப்புறம் வேலை செய்யப்போகும் இடத்தில் வை, மறுபடியும் முதல் இடத்தில் வைத்து டெஸ்டர் உயிரோடுதான் இருக்கிறதா என்று பார் என்பார். ஒரு வருடம் இதையே தினமும் சொன்னார். "பெலான் பெலான்", மெதுவா மெதுவா, என்று தோளைத் தட்டுவார். நான் முப்பது வருடம் கை கால் குறையாமல் வேலை செய்து வீடு வந்து சேர்ந்தது அந்த மனிதரால்தான்.

மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்து, குறைந்தது மூன்று வருட அனுபவம் காட்டி, மதிப்பீட்டுத் தேர்வும் எழுதினால்தான் ஒருவர் தொழில்முறைப் பொறியாளர் ஆகி, பெயருக்கு முன்னால் 'ஐ.ஆர்.' போட முடியும். அந்த அனுபவத்தை வழிநடத்த ஒரு தொழில்முறைப் பொறியாளர் வேண்டும். என் மகளின் நிறுவனத்தில் அப்படி ஒருவரும் இல்லை. மலேசியப் பொறியாளர் கழகத்தின் மூலம் வெளியிலிருந்து ஒருவரை வழிகாட்டியாகப் பெறலாம் என்று தெரிந்துகொண்டாள், அதற்கு முயற்சியும் செய்கிறாள். ஆனால் எப்போதாவது சந்திப்பவர், நாளை காலை ஒயரிங்குக்குப் போகும் வரைபடத்தை இன்று இரவு பார்த்துத் தர முடியுமா?

முதலாளியிடமும் கேட்டுவிட்டாள். ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவரை வாரம் ஒரு நாளாவது வரவழைக்கலாமே என்றாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. பிள்ளை வேலையை விடுகிறேன் என்றால், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று உடனே சொல்லாதீர்கள். உன் வேலையை யார் பார்த்துத் திருத்துகிறார்கள் என்று கேளுங்கள். நான் அதைக் கேட்க ஒரு வருடம் ஆயிற்று. கைத்தொழில் செய்து பிழைத்தவன் நான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இதைப் படிக்கும் ஓய்வுபெற்ற தமிழ் இன்ஜினியர்களே, உங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமை மாலையைக் கொடுங்கள்.

போன வாரம் ஜார்ஜ்டவுனில் ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். சம்பளம் 3,000 ரிங்கிட்தான். அங்கே மூத்த பொறியாளர் ஒருவர் அவளுடைய கல்லூரிப் புராஜெக்ட் வரைபடத்தை எடுத்து, அரை மணி நேரம் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்திருக்கிறார். பதினொரு இடத்தில் சிவப்பு. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினாள். இத்தனை நாளில் அவள் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்க்கவில்லை.

மாத இறுதிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், இங்கே ஒரு மாத நோட்டீஸும் கொடுக்க வேண்டும். முடிவு அவளுடையது. மாதம் 400 ரிங்கிட் குறைந்தால் கடன் தவணைக்கு நான் கைகொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
பட்டர்வொர்த், பினாங்கு.