வார இறுதிப் பாட்டுப் பட்டியல்: நம் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வார இறுதியில் கேட்பதற்காக, ஒரு தலைப்பில் தொகுத்த பாட்டுப் பட்டியலை உறுப்பினர்களுக்கு ஆண்டின் 52 வெள்ளிக்கிழமைகளில் 47இல் அனுப்பினோம். மாதக் கூட்டங்கள் 11 நடந்தன. ஜூன் 21 இசைத் திருநாளன்று மாலை கடற்கரைச் சாலையில் கூடினோம். மார்கழியில் திருப்பாவை நாளுக்கு ஒரு பாசுரமாக அனுப்பப்பட்டது. இம்முறை மார்கழிக்கு 29 நாளே என்பதால் கடைசி நாளில் இரண்டு பாசுரங்கள் சேர்ந்தன. டிசம்பர் கூட்டம் நடக்கவில்லை. நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரி அருகே கரை கடந்ததும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கத்து உறுப்பினர்களைப் பாடாய்ப் படுத்தியதும் அனைவரும் அறிந்ததே. அந்த வாரப் பட்டியல் வெள்ளியன்றே போய்ச் சேர்ந்திருந்தும் மின்சாரமும் நெட்வொர்க்கும் இல்லாமல் பெரும்பாலோர் கேட்க முடியவில்லை. பாட்டுகளை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்திருந்தவர்கள் மட்டும் கேட்டார்கள். பட்டியல் வந்த வெள்ளி இரவே இறக்கிக்கொள்ளுங்கள் என்று ஆண்டு முழுவதும் எழுதிவந்ததற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, செயற்குழுவில் கேள்வி எழுந்த விஷயத்துக்கு வருகிறேன். அனுப்பும் பாட்டுகளின் விவரங்களை எழுதி வைக்கும் "பட்டியல் ஏடு" எதற்கு, அதற்கு ஏன் இவ்வளவு நேரமும் பணமும் என்று கேட்கப்பட்டது. விளக்கமாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம்மில் பலர் பயன்படுத்திவந்த ஒரு பாட்டுச் செயலி இந்த ஆண்டில் மூடப்பட்டது. நான்கு ஆண்டுகளாக அதில் சேர்த்து வைத்திருந்த நம் பட்டியல்களில் 19 அதோடு போயின. லிங்க்குகள் நம்மிடம் இருந்தன. அவற்றைத் தொட்டால் ஒன்றும் வரவில்லை. எந்தப் பாட்டு எந்த வரிசையில் இருந்தது, ஏன் அங்கே இருந்தது என்று ஒருவருக்கும் முழுதாக நினைவில்லை. லிங்க் என்பது வெறும் வழிகாட்டிப் பலகை. ஊரைப் பற்றிய குறிப்பு நம் கையில் இருந்தால்தான் பலகை விழுந்த பிறகும் போய்ச் சேர முடியும். அந்தக் குறிப்புதான் ஏடு.

ஏடு ஒரு எக்ஸெல் கோப்பு. அதன் அச்சுப் பிரதி ஒன்றும் பைண்டு செய்து வைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பாட்டுக்கும் பல்லவியின் முதலடி, படம் அல்லது இசைத்தட்டு, ஆண்டு, இசையமைப்பாளர், பாடியவர், கால அளவு நிமிடம் நொடியோடு, சுருதி (பாட்டின் ஆதார ஸ்வரம் நிற்கும் உயரம்), ராகம், தாளம், கடைசியாக "இது ஏன் இங்கே" என்று ஒரு வரி. முதலடியைத் தமிழில்தான் எழுத வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதினால் ழகரம் ஒன்றையே மூன்று விதமாக எழுதுகிறார்கள். நெடிலுக்கு ஒருவர் இரட்டை எழுத்துப் போடுகிறார், இன்னொருவர் விட்டுவிடுகிறார். தேடினால் பாதிப் பாட்டு அகப்படாது. படத்தையும் ஆண்டையும் கட்டாயம் எழுதச் சொல்வது, ஒரே முதலடியில் தொடங்கும் வேறு வேறு பாட்டுகள் இருப்பதால்.

கால அளவுக்கும் சுருதிக்கும் இரண்டு கட்டங்கள் தேவையா என்று கேட்டார்கள். என் கணிப்பில் ஏட்டின் உயிரே அந்த இரண்டு கட்டங்கள்தான். படத்தில் வரும் பாட்டும் இசைத்தட்டில் வந்த பாட்டும் பல சமயம் நீளத்தில் வேறுபடும். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் அடங்கும் என்பதால் சரணமோ இடையிசையோ வெட்டப்பட்டிருக்கும். வேறு குரலில் பின்னாளில் பாடிப் பதிந்ததும் அதே பெயரில் உலவுகிறது. பழைய பாட்டுகளை வலையேற்றும் சிலர், உரிமைக்காரர்களின் தானியங்கிச் சோதனையில் சிக்காமலிருக்க வேகத்தை மாற்றி ஏற்றுகிறார்கள். கட்டை என்பது ஆர்மோனியத்தில் ஸி என்ற வெள்ளைக் கட்டையை ஒன்றாக வைத்து எண்ணும் சுருதிக் கணக்கு. வேகம் நூற்றுக்கு 6 கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். நான்கு நிமிடப் பாட்டில் 14 நொடி குறையும். ஆக, ஏட்டில் 4:00 என்றும் ஒன்றரைக் கட்டை என்றும் இருக்கும் பாட்டு உங்கள் கைபேசியில் 3:46ஆக, இரண்டு கட்டையில் ஒலித்தால், அது வேகம் ஏற்றிய பிரதி. அதைத் தள்ளிவிட்டு வேறு பிரதி தேட வேண்டும். இந்தச் சோதனைக்கு இசை ஞானம் வேண்டாம்; கடிகாரம் போதும். நீளம் சரியாக இருந்து சுருதி மட்டும் மாறியிருந்தால் கணினியில் சுருதியைத் தனியாகத் திருகியிருக்கிறார்கள் என்று பொருள். அதற்குத்தான் சுருதிக் கட்டம்.

சுருதி பார்ப்பது எப்படி என்று ஆகஸ்ட் கூட்டத்தில் ஆர்மோனியம் வைத்துச் செய்து காட்டினோம். வராதவர்களுக்காக இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். திரைப்பாட்டில் பொதுவாகத் தம்புரா இருக்காது. பல்லவி முடிந்து குரல் நிம்மதியாக வந்து உட்காரும் இடம் பெரும்பாலும் ஸட்ஜம், அதாவது ஆதார ஸ்வரமான ஸ. அந்த இடத்தில் பாட்டை நிறுத்தி, வாயால் அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ அதோடு சேரும் கட்டையைத் தேடுங்கள். கட்டை கிடைத்ததும் அதையும் அதன் பஞ்சமத்தையும் (ப) சேர்த்து அழுத்திக்கொண்டு பாட்டை முதலிலிருந்து ஓடவிடுங்கள். எங்கும் உறுத்தாமல் போனால் சரி. சிலருக்குத் தவறுவது, பல்லவி பஞ்சமத்தில் முடியும் பாட்டுகளில். அதை ஸட்ஜமென்று எடுத்துக்கொண்டால் ஒரு கட்டைப் பாட்டு ஐந்து கட்டை என்று ஏட்டில் ஏறிவிடும்.

சுருதி தெரிந்தால் வரிசை அமைப்பதும் எளிது. ஒரு கட்டைப் பாட்டுக்குப் பின் ஒன்றரைக் கட்டைப் பாட்டை உடனே வைத்தால் இரண்டாவது பாட்டு அபஸ்வரமாகத் தொடங்குவது போலக் காதுக்குப் படும். ஒன்றுக்குப் பின் நான்கோ ஐந்தோ வைத்தால் தெரியாமல் நழுவிப் போகும். வேறு வழியில்லாதபோது நடுவில் மூன்று நொடி மௌனம் விடுங்கள். செயலியில் ஒரு பாட்டின் முடிவோடு அடுத்ததன் தொடக்கத்தைக் கலக்கும் கிராஸ்ஃபேட் வசதியை அணைத்துவிடுங்கள்.

இந்த ஆண்டின் சிறந்த பட்டியல் என்று நான் கருதுவது கிரக பேதப் பட்டியல். ஒரு ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்து இன்னொரு ராகத்தைப் பெறுவதுதான் கிரக பேதம். மோகனத்தின் ஸ ரி க ப த என்ற ஐந்தே ஸ்வரங்கள். ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்தால் மத்தியமாவதி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி, தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. இது புத்தகத்தில் உள்ளதுதான். பட்டியலில் நாம் செய்தது, மோகனத்தை ஒரு கட்டையிலும், மத்தியமாவதியை இரண்டிலும், ஹிந்தோளத்தை மூன்றிலும், சுத்த சாவேரியை ஐந்திலும், சுத்த தன்யாசியை ஆறிலும் தேடி எடுத்தது. அப்படி வைத்தால் ஐந்து ராகங்களும் கீபோர்டின் அதே ஐந்து வெள்ளைக் கட்டைகளில் நடக்கும். ஒரு ஸ்வரம்கூடப் புதிதாக வராது, ஆனால் ராகம் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றும் இரண்டும் ஆண் குரலில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஐந்தும் ஆறும் பெண் குரலில் கிடைக்கின்றன. மூன்று கட்டைதான் சிரமம். கணினியில் சுருதியை மாற்றி வைத்துவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. குரலின் கனம் கெட்டுவிடும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை. வாத்தியப் பதிவில் தேடி எடுத்தோம். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் இரண்டு பட்டியல்கள் தவறின என்ற குறையை ஏற்றுக்கொள்கிறேன்.

பாரதிதாசன் பிறந்த ஏப்ரல் 29ஐ ஒட்டி, அவர் பாடல்கள் திரையில் வந்த வரலாற்றைப் பட்டியலாக்கினோம். நம் புதுவைக் கவிஞர் என்பதற்காக மட்டும் அல்ல. பாட்டை எழுதியவர் மாறாமல் ஒலிப்பதிவுக் காலம் மாறுவதைக் கேட்க அதைவிட நல்ல தலைப்பு கிடையாது. 1951இல் "ஓர் இரவு" படத்தின் "துன்பம் நேர்கையில்", 1965இல் "பஞ்சவர்ணக்கிளி"யின் "தமிழுக்கும் அமுதென்று பேர்", அதே ஆண்டு "கலங்கரை விளக்க"த்தின் "சங்கே முழங்கு", 1972இல் "நான் ஏன் பிறந்தேன்" படத்தின் "சித்திரச் சோலைகளே", பிறகு 2016இல் "அச்சம் என்பது மடமையடா"வின் "அவளும் நானும்". இதில் ஒலி அளவுதான் தொல்லை கொடுத்தது. 1951இன் பாட்டுக்கு வால்யூமை ஏற்றி வைத்தவர்களுக்கு 2016 பாட்டு வந்ததும் காது அடைத்தது. செயலிகளில் ஒலி அளவைச் சமன் செய்யும் அமைப்பு உண்டு. பெரும்பாலும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவை ஒட்டி நிறுத்தும். அதை இயக்கிக்கொள்ளுங்கள். கணினியில் கேட்பவர்கள் ஃபூபார் 2000 என்ற பிளேயரில் ரீப்ளேகெயின் போட்டுக்கொள்ளலாம். அது பாட்டைத் தொடாமல் அளவை மட்டும் குறிப்பாக எழுதி வைக்கும். கலந்த பட்டியலுக்கு, ஆல்பம் முழுவதற்கும் ஒரே திருத்தம் தரும் ஆல்பம் கெயின் கூடாது, பாட்டுக்குப் பாட்டு சமன் செய்யும் டிராக் கெயின்தான்.

காரில் வரிசை மாறிப் பாடுகிறது என்ற புகார் ஆண்டு முழுவதும் வந்தது. பல கார் பிளேயர்கள் பென் டிரைவில் கோப்புகள் எழுதப்பட்ட வரிசைப்படி பாடும், பெயரைப் பார்ப்பதில்லை. பென் டிரைவை ஃபேட் 32ஆக ஃபார்மேட் செய்து, 01, 02 என்று எண்ணிட்ட கோப்புகளை ஒவ்வொன்றாக அதே வரிசையில் ஏற்றுங்கள். மொத்தமாக இழுத்துப் போட்டால் வரிசை கலையலாம். கணினியில் எம்3யு என்ற பட்டியல் கோப்பைத் திறந்து பாட்டு எதுவும் ஓடவில்லையென்றால், அதனுள் டிரைவ் பெயரோடு முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும்; பட்டியல் கோப்பைப் பாட்டுகள் இருக்கும் ஃபோல்டரிலேயே சேமித்தால் பெரும்பாலும் அந்தச் சிக்கல் வராது. தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எம்3யு8 என்று சேமியுங்கள்.

தயவுசெய்து ஒன்றை நினைவில் வையுங்கள்: சங்கம் கொடுப்பது பட்டியலை மட்டுமே. பாட்டுக் கோப்புகளைப் படியெடுத்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டாம். ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள்.

இனி வருத்தமான பகுதி. உறுப்பினர்கள் 31 பேர். மாதக் கூட்டத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஒருமுறைகூட வரவில்லை. வில்லியனூரிலிருந்தும் மஞ்சக்குப்பத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். முத்தியால்பேட்டையில் இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள் வருவதில்லை. கேட்புக் குறிப்பு அனுப்பியவர்கள் ஆண்டு முழுவதும் ஆறு பேர். "கேட்டேன், அருமை" என்பது குறிப்பாகாது. எத்தனையாவது பாட்டில் கவனம் சிதறியது, எந்த இரண்டு பாட்டுக்கு நடுவே உறுத்தியது, எந்தப் பாட்டு தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று மூன்று வரி போதும். அந்த ஆறு பேர் எழுதியதால்தான் பட்டியலை 20 பாட்டிலிருந்து 14க்குக் குறைத்தோம். 14 என்றால் ஒரு மணி நேரத்தில் முடிகிறது, ஒரே அமர்வில் கேட்க முடிகிறது. தலைப்பு சொல்லச் சொன்னபோது பதினோரு பேர் "மழை" என்றே எழுதினார்கள். மழைக்கு நூற்றுக்கணக்கில் பாட்டு கிடைக்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று சொல்ல விதி இருக்காது. "ஏழு எண்ணிக்கை நடையில் வரும் திரைப்பாட்டுகள்" என்று ஒருவர் சொன்னார். அதுதான் தலைப்பு. காதால் கேட்டே உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

சந்தா ஆண்டுக்கு 600 ரூபாய். 14 பேருடையது நிலுவையில் உள்ளது. அவர்களில் ஐவருக்கு இது இரண்டாம் ஆண்டு. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக முடிந்து சிறு கையிருப்பு உள்ளது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, வேண்டுவோர் பார்க்கலாம். பெரிய செலவு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். உறுப்பினர் வீடுகளிலுள்ள கேசட்டுகளை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் கணினிக் கோப்புகளாக மாற்றும்போது மணிக்கு ஒரு ஜிபி பிடிக்கிறது. ஒரே டிஸ்க்கில் வைத்து அது நின்றுவிட்டால், உழைப்பு மட்டுமல்ல, மறுபடி ஓட்ட முடியாத அளவுக்கு நைந்த கேசட்டுகளும் போனதாகிவிடும். நம் ஊர் உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் துருப்பிடிக்கின்றன. எனவே ஒன்று என் வீட்டிலும் மற்றொன்று கடற்கரையிலிருந்து தள்ளி வில்லியனூரிலும், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் உள்ளன.

மாடியைக் கூட்டத்துக்குத் தந்த குடும்பத்தாருக்கும், தேநீர் ஏற்பாட்டைக் கவனித்தவர்களுக்கும், ஆர்மோனியம் தந்து உதவியவருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். ஒரு பட்டியலை ஏட்டில் ஏற்ற இரண்டு இரவுகள் ஆகின்றன. போன 19இல் 7 பட்டியல்களை மீட்டிருக்கிறோம். மற்றவற்றின் துண்டுக் குறிப்புகள் பழைய செய்திகளாக உங்கள் கைபேசிகளில் இருக்கக்கூடும். தேடிப் பார்த்து அனுப்புங்கள். சுருதி பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும், தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்தவர் ஒருவரும் வாரம் ஒரு மாலை கிடைத்தால் ஏடு நிற்காமல் நடக்கும். கிடைக்காவிட்டால் ஆடி முதல் பட்டியலை இரு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆக்க வேண்டியிருக்கும். அதற்கான தீர்மானமும் கையில் உள்ளது, முன்மொழிய எனக்கு மனமில்லை.

ஏட்டின் அச்சுப் பிரதி வாசலருகே மேசையில் இருக்கிறது. பக்கத்திலேயே பொருளாளரின் ரசீதுப் புத்தகமும் இருக்கிறது. அடுத்த பட்டியல், ஏழு எண்ணிக்கைப் பாட்டுகள், வெள்ளி மாலை ஆறு மணிக்கு வரும்.

இப்படிக்கு,
செயலாளர்
புதுச்சேரி