கண் மருத்துவ மாநாட்டில், பதிவு செய்து வந்த பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு நேர்ந்த சேவைக் குறைபாடு

அனுப்புநர்:
பதிவு எண் 1147 (நோயாளிகள், குடும்பத்தினர் பிரிவு),
வரலாற்று ஆசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி,
கரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
மாநாட்டை நடத்திய நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம்,
சென்னை.

பொருள்: உடன் வந்தவரை அரங்குக்குள் விடாதது, அமர்வு மாற்றத்தைத் தெரிவிக்காதது குறித்த புகார், கட்டணத்தைத் திரும்பக் கேட்டல்.

ஐயா / அம்மா,

கண் சிகிச்சையிலும் பார்வை அறிவியலிலும் வந்துள்ள முன்னேற்றங்கள் பற்றிச் சென்ற மாதம் சென்னையில் நீங்கள் நடத்திய பன்னாட்டு மாநாட்டுக்குப் பணம் கட்டி வந்தவன் நான். எனக்கு 5,900 ரூபாய், உடன் வந்த என் அக்கா மகனுக்கு 2,360 ரூபாய். இரண்டுக்கும் ரசீது இருக்கிறது.

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. சின்ன வயதில் ஊரில் மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக்கீரையும் ஈரலுமாகக் கொடுத்தார்கள். அது சத்துக் குறைவால் வந்ததல்ல, மரபணுவால் வந்த விழித்திரை நோய் என்று 27 வயதில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில்தான் தெரிந்தது. 1819இல் தொடங்கிய பழைய மருத்துவமனை. எந்நேரமும் கூட்டம்தான். ஆனாலும் அங்கே ஓர் ஆயா என் கையைப் பிடித்து இழுக்காமல், தன் முழங்கையை நீட்டி "இதைப் பிடிச்சுக்கிட்டு வாப்பா" என்று அழைத்துப் போனார். பார்வை இல்லாதவரை நடத்திச் செல்லும் சரியான முறை அதுதான். இப்போது எனக்கு நடுவில் சுமார் 10 டிகிரி பார்வைதான் மிச்சம். வகுப்பில் சுருட்டி வைத்திருக்கும் உலக வரைபடத்தின் துளை வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும். வெளிச்சம் குறைந்தால் அதுவும் இல்லை.

இதையெல்லாம் பதிவுப் படிவத்தில் எழுதியிருந்தேன். "சிறப்புத் தேவைகள்" என்ற கட்டத்தில் மூன்று கேட்டேன்: பெரிய எழுத்தில் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல், நடைபாதை ஓரத்தில் இருக்கை, உடன் வருபவருக்குப் பக்கத்து இருக்கை. "குறித்துக்கொண்டோம்" என்று உங்கள் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உடன் வருபவருக்கு எல்லா அமர்வுகளிலும் அனுமதி உண்டு என்று உங்கள் பதிவுப் பக்கத்திலேயே போட்டிருந்தது. அதை நம்பித்தான் அந்த 2,360 ரூபாயைக் கட்டினேன்.

நான் வந்தது ஒரே ஓர் உரைக்காக. இரண்டாம் நாள் காலை 11.30, ஒளிமரபியல் சிகிச்சை பற்றியது. அது எனக்கு ஏன் முக்கியம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னுடையது போன்ற பரம்பரை விழித்திரை நோய்க்கு 2017இல் அமெரிக்காவில் ஒரு மரபணு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. லக்ஸ்டர்னா என்று பெயர். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8,50,000 டாலர் விலை வைத்தார்கள். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், ஆர்பிஇ65 என்ற ஒரு மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது பயன்படும். எனக்குப் பிழை இருப்பது வேறு மரபணுவில். பரிசோதனை முடிவு வந்த அன்றே அந்தக் கதவு மூடிவிட்டது.

ஒளிமரபியல் அப்படியல்ல, எந்த மரபணு பழுது என்று அது பார்ப்பதில்லை. ஒளியை உணரும் செல்கள் செத்த பிறகும், மூளைக்குச் செய்தி அனுப்பும் கேங்லியன் செல்கள் உயிரோடு இருக்கும் அல்லவா, பாசியில் உள்ள ஒளி உணரும் புரதம் ஒன்றின் மரபணுவை அவற்றுக்குள் செலுத்துகிறார்கள். பிறகு ஒரு தனிக் கண்ணாடி வழியாக அவற்றின்மேல் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். இதே நோயால் பார்வை போன 58 வயதுக்காரர் ஒருவர் மேசைமேல் இருந்த நோட்டுப் புத்தகத்தை இருக்கும் இடம் அறிந்து தொட்டார் என்று 2021இல் செய்தி வந்தது. அன்றைக்கு அதைத் திரைவாசிப்பானில் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டேன். நடுப்பார்வை கொஞ்சம் மிச்சமிருக்கும் என்னைப் போன்றவர்கள் அதற்காகக் காத்திருக்கலாமா, அதுவரை எதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று அந்த உரையை ஆற்ற வரும் ஆய்வாளரிடம் நேரில் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இரவு ரயில் ஏறினேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அச்சிட்ட நிரல் யாருக்குமே இல்லை, எல்லாம் செயலியில்தான் என்றார்கள். செயலியைத் திறந்தால் என் திரைவாசிப்பான் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொன்னது. எந்தப் பொத்தானுக்கும் பெயர் கொடுக்கவில்லை. நிரல் பக்கம் மொத்தமும் ஒரு படம், அதனால் அதில் படிக்க எதுவும் கிடைக்கவில்லை. அக்கா மகன்தான் தன் போனில் பார்த்துப் படித்துச் சொன்னான்.

அரங்க வாசலில் அவனை நிறுத்திவிட்டார்கள். அவன் அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு, "இது சாப்பாட்டுக்கூடத்துக்கு மட்டும்தான்" என்றார் காவலர். நான் விளக்கினேன். மேசையில் இருந்த உங்கள் பணியாளரும் உதவவில்லை, "சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு சார்" என்றார். உள்ளே விளக்குகளை அணைத்திருந்தார்கள். தரைவிரிப்பு கறுப்பு, படிகளும் கறுப்பு, விளிம்பில் ஒரு வெள்ளைப் பட்டைகூட இல்லை. மூன்றாவது படியில் தடுக்கி முட்டி தட்டியது. பக்கத்தில் இருந்த ஒரு டாக்டர் எழுந்து வந்து உட்காரவைத்தார், அவருக்கு நன்றி.

அதன் பிறகு நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. உரை வேறு அரங்குக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அந்தச் செய்தி வெளியே இருந்த திரையிலும் செயலியிலும் மட்டும் வந்தது. ஒலிபெருக்கியில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். வெளியே நின்ற என் அக்கா மகன் திரையில் பார்த்துவிட்டு உள்ளே வரக் கெஞ்சியிருக்கிறான், விடவில்லை. போன் செய்திருக்கிறான். அறிவிப்பில் கேட்டுக்கொண்டபடி நான் போனை அணைத்து வைத்திருந்தேன். கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது பற்றிய உரையை 40 நிமிடம் கேட்டேன். முன்னுரை போலிருக்கிறது, இனிமேல்தான் நம் விஷயம் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்குக் கதவு திறந்ததும் ஓடி வந்து "மாமா, ஹால் மாத்திட்டாங்க" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கிப் போனபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்.

உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை சொல்கிறது. உங்கள் அழைப்பிதழின் முதல் பக்கத்திலும் அந்த எண்தான் இருந்தது. அந்தக் கணக்கில் நானும் ஒருவன். மருத்துவர்கள்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு ஏற்பாடு செய்தது நீங்கள், அதனால் உங்களிடம்தான் கேட்கிறேன்.

உடன் வந்தவருக்கான 2,360 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள், சொன்ன சேவையை நீங்கள் தரவில்லை. என் கட்டணத்தில் பாதியையும் கேட்கிறேன். அதைவிட எனக்கு வேண்டியது அந்த உரையின் ஒலிப்பதிவு. அரங்கில் கேமரா இருந்தது, பதிவு உங்களிடம் இருக்கும். என் கேள்வியை இத்துடன் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், அதை ஆய்வாளருக்கு அனுப்பிவையுங்கள். அப்புறம், அடுத்த ஆண்டுச் செயலியைத் திறந்துவிடும் முன் பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது உலகம் முழுக்க இணைய வடிவமைப்பாளர்கள் கைக்கொள்ளும் அளவு. என் அடையாள அட்டையில் பெயரே சாம்பல்மேல் சாம்பலாக இருந்தது.

15 நாளில் பதில் வராவிட்டால் கரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை. சேவை தருவோர் அதை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வதையும் மனுவில் சேர்ப்பேன்.

பதிலைச் சாதாரண மின்னஞ்சலாக எழுதி அனுப்புங்கள். கையெழுத்திட்டு ஸ்கேன் செய்த தாளாக வேண்டாம், என் திரைவாசிப்பானால் அதைப் படிக்க முடியாது.

இப்படிக்கு,
பதிவு எண் 1147

இணைப்பு: ரசீதுகள் 2, "குறித்துக்கொண்டோம்" என்ற மின்னஞ்சலின் நகல், ஆய்வாளருக்கான கேள்வி.