மக்காச்சோளம் சிந்துவது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மக்காச்சோளம் போடும் நம்மவர்கள் பலர், அறுவடைக்கு வாடகை ஹார்வெஸ்டரைத்தான் நம்பியிருக்கிறார்கள். மணி சிந்தினால் டிரைவர் முதலில் கைவைப்பது, கதிரை அடித்து மணியைப் பிரிக்கும் டிரம்மின் வேகத்தில். பெரும்பாலும் குற்றம் அங்கே இல்லை, கதிரைப் பறிக்கும் முன்பக்க ஹெட்டில்தான் இருக்கும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. நடுவயலில் வண்டியை நிறுத்தி, அதன் நீளத்துக்குப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். வண்டிக்கு முன்னால், அறுத்த இடத்தில் கிடப்பது ஹெட் சிந்தியது. அதைவிடக் கூடுதலாகப் பின்னால் கிடப்பது டிரம்மும் சல்லடையும் தள்ளியது. ஒரு சதுர மீட்டரில் 21 மணி கிடந்தால் ஏக்கருக்குச் சுமார் 25 கிலோ போச்சு என்று கணக்கு.

ஹெட்டில் தட்டையை (சோளச் செடியின் தண்டை) கீழே இழுக்கும் இரண்டு ரோலர்களுக்கு மேலே இரண்டு இரும்புப் பட்டைகள் இருக்கும். அவற்றின் இடைவெளி முன்பக்கம் சுமார் 32 மி.மீ., பின்பக்கம் அதைவிட 3 மி.மீ. கூடுதல் என்று வைத்துத் தொடங்கலாம். அகலமாக விட்டால் கதிரின் அடிப்பக்கம் ரோலரில் உரசி மணி உதிரும். சிறுத்த கதிரில் சேதம் இன்னும் அதிகம். நெருக்கினால் தட்டை முறிந்து உள்ளே போகும், சல்லடை அடைக்கும். தட்டை முன்னால் சாய்ந்து கதிர் தெறிக்கிறதா? வண்டி வேகத்தைக் குறையுங்கள். ஏக்கர் கணக்கில் கூலி பேசினால் வண்டி பறக்கத்தான் செய்யும், இதையும் சொல்லியாக வேண்டும். வரிசை இடைவெளி ஹெட்டோடு ஒத்துப்போகாவிட்டால் எந்தத் திருத்தமும் உதவாது. 60 செ.மீ.யில் விதைத்திருந்தால் அதைச் சொல்லியே வண்டி பேசுங்கள்.

டிரம்முக்கு வருவோம். மணி உடைந்து, சக்கையும் (மணி நீங்கிய கதிர்) தூள்தூளாக வந்தால் டிரம் வேகம் அதிகம், அல்லது டிரம்முக்கும் அதன் கீழ்ச்சல்லடைக்கும் நடுவே இடைவெளி குறைவு. முந்தின பயிரை அடித்த வேகத்திலேயே மக்காச்சோளத்துக்கு வந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. இதற்கு நிமிடத்துக்கு 300 முதல் 500 சுற்று போதும். சக்கையில் மணி ஒட்டியே வந்தால் அந்த டிரம்-சல்லடை இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரு தடவைக்கு ஒரே திருத்தம், பிறகு தரையைப் பாருங்கள். மணியின் ஈரம் 20-25 சதவீதத்தில் இருக்கும்போது அறுப்பது நல்லது. அதைத் தாண்டிய பச்சைக் கதிரில் எந்த மிஷினும் மணியை நசுக்கும்.

உதிரி பாகம் வாங்க பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டுக்கு வருகிறவர்கள் "அந்த மிஷின் பெல்ட்" என்று கேட்டு அலைய வேண்டாம். பழைய பெல்ட்டின் மேல் பி-68 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். எழுத்து அகலத்தைக் குறிக்கிறது, எண் உள்சுற்றளவு அங்குலத்தில். ஜோடியாக ஓடும் பெல்ட்டில் ஒன்று அறுந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். புதியது மட்டுமே பளுவைத் தாங்கிச் சீக்கிரம் தேயும். பேரிங்கில் 6206 என்றிருந்தால் கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்குங்கள்; அது 30 மி.மீ. விட்டமுள்ள இரும்புத் தண்டுக்கு (ஷாஃப்ட்) உரியது.

ஹெட்டில் தட்டை சிக்கினால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்ட பிறகே கையை விட வேண்டும். ஓடும் ரோலர் தட்டையை இழுக்கும் வேகத்துக்கு, பிடித்த கையை விடுவிக்க நேரம் இருக்காது.

இப்படிக்கு,
விவசாய இயந்திரப் பழுதுபார்ப்போர்,
பீன்யா, பெங்களூரு