செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: குடியிருப்போர் நலச் சங்கம், செல்லூர், மதுரை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு, நாய்த் தொல்லைக்கு மனுக் கொடுத்தோம். விளக்கு மட்டும் எரிகிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம்மை அதிகம் படுத்தியது வெயில்தான். கத்திரி பிறக்கும் முன்பே, ஏப்ரலிலேயே வாட்டி எடுத்தது. தறி ஓடும் வீடுகளின் நிலை உங்களுக்குத் தெரியும்: மேலே தகரம், உள்ளே விசைத்தறியின் சூடு. பகலெல்லாம் தகரமும் சிமெண்டும் வாங்கிய வெப்பத்தை ராத்திரி முழுக்க வெளியே விடுகின்றன. வாசலில் பாய் போட்டவர்களுக்கும் தூக்கமில்லை.

வைகையின் இதே வடகரையில்தான் ரேஸ்கோர்ஸ் சாலையும் காந்தி மியூசியமும் இருக்கின்றன. அங்கே மத்தியானம் மரத்தடியில் நின்று பாருங்கள், குளுமை தெரியும். நிழல் பாதிக் காரணம். இலைகள் வழியே மரம் ஆவியாக விடும் தண்ணீர் மீதிக் காரணம். அந்தப் பக்கம் சாலை அகலம், மனை பெரிது, காம்பவுண்டுக்குள் மண் இருக்கிறது. நம் சந்தில் சுவரிலிருந்து சுவர் வரை சிமெண்ட். நமக்கு மரத்தில் அக்கறை இல்லை என்று சொல்பவர்கள் ஒரு கன்றை எங்கே நடுவது என்று வந்து காட்டட்டும்.

இது நம் ஊர் சங்கதி மட்டுமில்லை. 108 அமெரிக்க நகரங்களைப் பற்றி 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. 1930-களில் 'இங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து' என்று வரைபடத்தில் சிவப்பு அடித்த பகுதிகள், இன்றும் மற்ற பகுதிகளைவிட சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதலாகக் கொதிக்கின்றனவாம். அங்கெல்லாம் மரமும் குறைவு.

ஜூனில் சிமெண்டைக் கொத்திக் கன்று நட்டோம். போட்டோவுக்கு வந்த கூட்டம் தண்ணீர் ஊற்ற வரவில்லை. பிழைத்தவற்றில் சிலவற்றின் தண்டை ஒட்டியே சாலை போட வந்தவர்கள் கான்கிரீட் கொட்டிவிட்டுப் போனார்கள். வேர் மூச்சுவிடுவது எப்படி? மின்கம்பிக்குக் கீழே நின்ற புங்கையை மொட்டையடித்தது தனிக்கதை.

அப்புறம் மழை. வெப்ப அலையை அரசு மாநிலப் பேரிடராக அறிவித்ததும் 2024 அக்டோபர்தான். அதே மாதம் 25-ஆம் தேதி கொட்டிய மழையில் செல்லூர் கண்மாய்த் தண்ணீர் தெருவுக்குள் வந்ததும் அப்போதுதான். வெயிலில் காயும் அதே சிமெண்ட் மழைத் தண்ணீரையும் உள்ளே விடுவதில்லை. பேரிடர் என்று அறிவித்ததால் வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்கும். நல்லதுதான். உயிரோடு இருக்கும்போதே நிழலும் கிடைத்தால் இன்னும் நல்லது.

கூரைக்குச் சுண்ணாம்பு அடித்த வீடுகளில் உள்ளே சூடு குறைந்ததாகச் சொல்கிறார்கள். மரம் வளரும்வரை இது கைகொடுக்கும், செலவும் குறைவு. சீக்கிரம் வளரும் என்று கோனோகார்பஸ் கேட்டவர்களுக்கு: 2025 ஜனவரியில் அரசு அதைத் தடை செய்துவிட்டது. வேம்பு, பூவரசு போதும்.

இனி தீர்மானம். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, காடும் மரங்களும் சேர்ந்த பரப்பை 33 சதவீதமாக்குவது. அது மாநிலம் முழுமைக்குமான கணக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடும் அதற்குள் அடங்கும் என்பதால், நம் சந்தில் ஒரு மரம் இல்லாமலே இலக்கை எட்டிவிடலாம். ஆகவே மாநகராட்சியின் 100 வார்டுகளுக்கும் மரநிழல் கணக்கை வார்டு வாரியாக வெளியிட வேண்டும். குறைந்த வார்டில் முதலில் நட வேண்டும். சாலை போடும்போது ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் மண் விட வேண்டும். கண்மாய்க் கரை, பள்ளி வளாகம், ரேஷன் கடை வாசல் ஆகிய இடங்களை நாமே குறித்துக் கொடுக்கலாம். அடுத்து நடக்கும் பகுதி சபாவில், அதாவது வார்டு மக்கள் கூடிக் கோரிக்கை வைக்கும் கூட்டத்தில், இதை வைக்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் முறைப் பட்டியல் பின்னால் மேசையில் இருக்கிறது. டீ குடிக்கப் போகும் முன் பெயர் எழுதிவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்