எந்தக் கப்பல் என்று மட்டும் எழுது

அன்பு மோனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான். பணம் வந்தது, உன் குரல்தான் வரவில்லை.

இந்தக் கடிதத்தை அடுத்த ரீஃபரில் ஏற்றி விடுவதாக ஏஜெண்ட் சொல்கிறார். நீ இருப்பதே ரீஃபர் என்றுதானே சொன்னாய்? அப்படியென்றால் நீ வேறு கப்பலிலா? மீனை வாங்கிச் சுமக்கிற கப்பல், துறைமுகம் துறைமுகமாகப் போகும், போன் கிடைக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சுருக்குவலைக் கப்பல் என்றாலும் சரி. ஸ்பெயின்காரனும் பிரெஞ்சுக்காரனும் 1980களிலிருந்து சீஷெல்ஸ் பக்கம் செய்கிற தொழில்தான். அவர்கள் கடலில் விடும் மிதவைக்குக் கீழே சூரை மீன் கூடினால் செயற்கைக்கோள் வழியாகத் தெரிந்துவிடும். ஒரே வளைப்பில் நூறு டன்கூட விழும். கிடங்கு நிறைந்தால் சீஷெல்ஸின் விக்டோரியா மாதிரி ஒரு துறைமுகத்துக்கு வந்தே ஆக வேண்டும். கம்பி இழுபடும்போது பக்கத்தில் நிற்காதே.

ஆயிரங்கால் தூண்டில் கப்பல் என்றால்தான் எனக்கு யோசனை. தூத்தூர்க்காரனுக்குத் தூண்டில் சொல்லித் தர வேண்டாம், அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனால் அவர்கள் விடும் கயிறு நூறு கிலோமீட்டருக்கு மேல், மூவாயிரம் கொக்கி. இழுத்து முடிக்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பிடித்ததை மைனஸ் 60 டிகிரியில் உறைய வைத்து ஜப்பான்காரன் பச்சையாகத் தின்ன அனுப்புவார்கள். ரீஃபர் நடுக்கடலுக்கே வந்து மீனை ஏற்றிக்கொண்டு இரையும் அரிசியும் இறக்கிவிட்டுப் போகும். டீசலும் கடலிலேயே கிடைக்கும். வருஷம் தாண்டினாலும் கரை காண வேண்டியதில்லை. ஆளையும் அப்படியே கப்பல் மாற்றுவார்கள் என்று வள்ளவிளையில் ஒருவர் சொன்னார்.

பாஸ்போர்ட் உன் கையிலா, கேப்டன் கையிலா? மீன்பிடித் தொழிலாளருக்கான 2007 சர்வதேச ஒப்பந்தத்தில் நாளொன்றுக்குக் குறைந்தது பத்து மணி நேரம் ஓய்வு என்று இருக்கிறது. பங்குச் சாமியார் எடுத்துக் காட்டினார். அதை ஏற்றுக்கொண்ட நாட்டின் கொடி என்றால் கேட்பது எளிது. அதனால் கொடியையும் எழுது.

ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லையா? சித்தப்பா விஷயம் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. 2017 டிசம்பரில் ஒக்கிப் புயலுக்குப் பிறகு சித்தப்பாவுக்காகக் காத்திருந்த மாதிரி போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நம் கடனை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்காக நீ ஒப்பந்தம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே.

கப்பல் பெயர் வாயில் நுழையாவிட்டால் வெளிப்பக்கம் ஐஎம்ஓ என்று போட்டு ஏழு இலக்க அடையாள எண் எழுதியிருக்கும். அதை அனுப்பு, மற்றதை நான் விசாரித்துக்கொள்கிறேன். கையுறை இல்லாமல் கயிற்றைத் தொடாதே. கம்பி இழுபடும்போது பக்கத்தில் நிற்காதே.

அப்பா