ஆமை வாயே திறக்கவில்லை

திருச்சி

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தம்பி வங்கித் தேர்வுக்கு மும்முரமாகப் படிக்கிறான். நீ அலைபேசி விளையாட்டிலிருந்து படம் பிடித்து அனுப்பினாயே, விருந்தாளிகளை அவரவர் தலைக்கு மேல் உள்ள குமிழில் கேட்கிறபடி உட்கார வைக்க வேண்டிய, கேட்டது கிடைக்காதவர் முகம் சிவந்துவிடும் அந்த வட்ட மேசைப் புதிர், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் உன் அலுவலக பஸ் வந்துவிட்டது. போகிற போக்கில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை இது.

"மாற்றி மாற்றி உட்கார வைத்துப் பார்த்தேன் அப்பா, யாராவது ஒருவர் முகம் சிவந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் விளம்பரம் பார்த்துக் குறிப்பு வாங்கிவிட்டேன்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் கேட்கவில்லை. விடை வந்துவிட்டது, அடுத்த லெவலுக்கும் போய்விட்டாய், சரி. ஆனால் பூனை ஏன் அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்று யாராவது கேட்டால் உன்னால் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதிலில்தான் இந்தப் புதிரின் ருசி முழுவதும் இருக்கிறது. அதை நீ இழந்துவிடக் கூடாது என்றுதான் அதே லெவலை முதலிலிருந்து போட்டுக் காட்டுகிறேன். ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்.

வட்ட மேசை. ஆறு நாற்காலிகள். ஜன்னலோர நாற்காலிக்கு 1 என்று எண் கொடு. அங்கிருந்து கடிகார முள் ஓடும் திசையில் 2, 3, 4, 5, 6. எல்லோரும் மேசையைப் பார்த்து உட்காருகிறார்கள். யானை, எலி, பூனை, நாய், குரங்கு, ஆமை என்று ஆறு விருந்தாளிகள். யானை, "எனக்கு ஜன்னலோரம் வேண்டும்" என்கிறது. எலி இரண்டு கேட்கிறது: ஆமைக்கு நேர் எதிரே உட்கார வேண்டும், பூனை பக்கத்தில் இருக்கக் கூடாது. பூனைக்கு நாயின் பக்கத்து நாற்காலி ஆகாது. குரங்குக்கு இடக்கைப் பக்கத்தில் ஆமை இருக்க வேண்டும். நாயும் ஆமையும் எதுவும் கேட்கவில்லை.

ஆறு பேர் ஆறு நாற்காலியில் உட்கார 720 வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் எல்லோருக்கும் பிடித்தது. மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது என்றால் இந்த 720-க்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு துழாவுவதுதான். ஆறு பேரோடு நின்றால் அதிர்ஷ்டம் கைகொடுக்கலாம். எட்டுப் பேர் என்றால் 40,320 வழிகள். ஒன்றுக்குப் பத்து விநாடி என்று வைத்தாலும், தூங்காமல் தொட்டுக்கொண்டே இருந்தால் நாலரை நாளுக்கு மேல் ஆகும். பத்துப் பேருக்கு 36,28,800. வரப்போகிற லெவல்களில் கூட்டம் கூடிக்கொண்டேதான் போகும்.

இப்போது ஒன்றைக் கவனி. உன் படத்தில் பூனையையும் நாயையும்தான் நீ இடம் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறாய். முகம் சிவந்தது பூனைக்கு, அதனால் கை அங்கே போகிறது, இது இயல்புதான். ஆனால் இந்தப் புதிரின் அச்சாணி ஆமை. அது வாயே திறக்கவில்லை. அதன் தலைக்கு மேல் எந்தக் குமிழும் இல்லை. அப்படியிருந்தும் எலி சொன்னதிலும் ஆமை இருக்கிறது, குரங்கு சொன்னதிலும் ஆமை இருக்கிறது. ஆமையை ஓர் இடத்தில் வைத்த கணமே எலியும் குரங்கும் தாமாகப் போய் உட்கார்ந்துவிடும். யார் அதிகம் பேசுகிறார் என்று பார்க்காதே. யாருடைய பெயர் அதிகம் அடிபடுகிறது என்று பார்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை அம்மா, வண்டியில் கற்றுக்கொண்டேன். டிக்கெட் பரிசோதகராக இருந்த காலத்தில், இரவு வண்டி எழும்பூரை விட்டுக் கிளம்பி, சார்ட்டோடு பெட்டிக்குள் நுழைந்த உடனே இடம் மாற்றும் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். ஒருமுறை ஒரே பெட்டியில் இரண்டு குடும்பங்கள். ஒரு வீட்டில் பாட்டிக்கு மேல் படுக்கை விழுந்திருந்தது. இன்னொரு வீட்டில் கைக்குழந்தைக்காரி ஓர் அடைப்பில், அவள் கணவன் நான்கு அடைப்பு தள்ளி. இரு தரப்பும் நடைபாதையில் நின்றுகொண்டு எனக்கு, உனக்கு என்று குரலை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் சார்ட்டைப் பார்த்தேன். இருவர் கேட்டதும் கடைசியில் போய் முட்டியது 12-ஆம் எண் கீழ்ப் படுக்கையில். அதில் ஒரு கல்லூரி மாணவர் காதில் கம்பியைச் செருகிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவரும் எதுவும் பேசவில்லை. "தம்பி, மேல் படுக்கைக்குப் போகச் சம்மதமா?" என்று கேட்டேன். "எங்கே என்றாலும் சரி சார்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததும் பாட்டி 12-க்கு வந்தார், பாட்டியின் மகன் வேறு அடைப்புக்கு நகர்ந்தார், குழந்தையின் அப்பா குடும்பத்தோடு சேர்ந்துகொண்டார். செங்கல்பட்டு வருவதற்குள் பெட்டி அடங்கிவிட்டது.

சரி, ஆமைக்கு வருவோம். யானை 1-இல் உட்கார்ந்துவிட்டது. அது உறுதி, பேனாவால் எழுது. 720 வழிகள் 120 ஆகிவிட்டன. எலியும் ஆமையும் நேர் எதிரெதிர். யானைக்கு எதிரே உள்ள 4-ஆம் நாற்காலியில் ஆமை உட்கார்ந்தால் எலி யானையின் மடியில்தான் உட்கார வேண்டும். அதனால் ஆமைக்கு 2, 3, 5, 6 என்ற நான்கு இடங்களே மிச்சம். இப்போது 24 வழிகள்.

அடுத்து குரங்கு. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள், நிதானமாகப் படி. இடக்கை என்றால் உன் இடக்கை இல்லை, குரங்கின் இடக்கை. திரையை நீ மேலிருந்து பார்க்கிறாய். மேசையின் கீழ்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் இடக்கைப் பக்கம் உனக்கும் இடப்பக்கமாகவே தெரியும். மேல்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் இடக்கைப் பக்கம் உனக்கு வலப்பக்கமாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். மேசையின் நடுவை நோக்கி உட்கார்ந்தவருக்கு இடப்பக்கம் என்பது எப்போதும் கடிகார முள் ஓடும் திசை. எந்த நாற்காலியாக இருந்தாலும் இது மாறாது. வெளியே பார்த்து உட்கார வைத்தால் நேர்மாறு. தம்பியின் தேர்வுப் புத்தகத்தில் பாதிப் பேரை உள்ளே பார்த்தும் பாதிப் பேரை வெளியே பார்த்தும் உட்கார வைத்துச் சோதிக்கிறார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டுதான் ஆரம்பிப்பான். அவன் எழுதும் முதல்நிலைத் தேர்வில் இப்படிப்பட்ட புதிர்கள் வரும் தர்க்கத் திறன் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடங்கள். துழாவிப் பார்க்கிறவருக்கு அங்கே இடமே இல்லை.

ஆக, குரங்கு உட்காருவது ஆமைக்கு ஓர் எண் முன்னால். ஆமையின் நான்கு இடங்களையும் தாளில் நான்கு வட்டங்களாகப் போடு.

ஆமை 2 என்றால் குரங்கு 1-க்கு வர வேண்டும். அங்கே யானை. அந்த வட்டத்தை அடித்துவிடு. மிச்சமுள்ள மூன்று வட்டங்களில் குரங்கும் எலியும் நிலைகொண்டுவிட்டன, பூனையும் நாயும் மட்டும் மாறலாம், ஆறு வழிகள்.

ஆமை 3 என்றால் குரங்கு 2, எலி 6. மிச்சம் 4, 5. இரண்டும் ஒட்டிய நாற்காலிகள். பூனையும் நாயும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். அடித்துவிடு.

ஆமை 6 என்றால் குரங்கு 5, எலி 3. மிச்சம் 2, 4. பூனைக்கும் நாய்க்கும் நடுவில் எலி இருக்கிறது, அவர்களுக்குள் சண்டை இல்லை. ஆனால் 2-இல் வைத்தாலும் 4-இல் வைத்தாலும் பூனை எலியை ஒட்டித்தான் உட்காரும். இதுவும் போயிற்று.

நிற்பது ஒரே வட்டம். ஆமை 5, குரங்கு 4, எலி 2, மிச்சம் 3, 6. எலிக்குப் பக்கத்தில் உள்ள 3 பூனைக்கு ஆகாது. பூனை 6-க்குப் போகிறது, நாய் 3-க்கு. யானை, எலி, நாய், குரங்கு, ஆமை, பூனை. குறிப்பு காட்டிய விடையும் இதுதானே? 720, 120, 24, 6, 4, 2, 1. ஒவ்வொரு படியிலும் எத்தனை உதிர்ந்தது, ஏன் உதிர்ந்தது என்று இப்போது உன்னால் சொல்ல முடியும். வேறு எந்த விடையும் இருக்க முடியாது என்றும் அடித்துச் சொல்ல முடியும். குறிப்புப் பொத்தான் இந்தக் கடைசி உறுதியைத் தராது கயல். எத்தனை விளம்பரம் பார்த்தாலும் தராது.

முடித்து வைத்தவை எவை என்று பார்த்தாயா? "கூடாது" என்று சொன்ன இரண்டு நிபந்தனைகள்தான். அவற்றை வைத்து ஆரம்பிக்க முடியாது, யாரை எங்கே வைப்பது என்று அவை சொல்வதில்லை. ஆனால் வட்டங்கள் தாளில் வந்த பிறகு அவை அரிவாள்மாதிரி வேலை செய்கின்றன. எனவே முதலில் "இங்கேதான்" என்று சொல்பவை, பிறகு இருவரைச் சேர்த்துக் கட்டுபவை, கடைசியில் "கூடாது" என்பவை. இன்னொன்று: உறுதியானதைப் பேனாவிலும், "ஒருவேளை" என்பதைப் பென்சிலிலும் எழுது. அரைமணி நேரத்துக்கு முன் நீயே ஊகமாக வைத்ததை இப்போது உறுதி என்று நம்பிவிடுவாய். பிறகு எல்லா வட்டமும் பொய்யாகும், எங்கே இடறியது என்று தெரியாது.

உட்கார வைக்கும் புதிர்கள் அலைபேசியோடு வந்தவை என்று நினைத்துவிடாதே. பிரான்சில் எதுவார் லூக்கா என்று ஒரு கணிதர் இருந்தார்; மூன்று கம்பங்களில் வட்டுகளை மாற்றி அடுக்கும் ஹனோய் கோபுரம் விளையாட்டை 1883-இல் உலகுக்குக் கொடுத்தவர். அவர் 1891-இல் ஒரு கேள்வி கேட்டார். வட்ட மேசையில் தம்பதிகளை ஆண், பெண் என்று மாறி மாறி உட்கார வைக்க வேண்டும், யாரும் தன் துணைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, எத்தனை வழிகள்? மனைவிமார்களை ஒரு வரிசையில் முதலில் உட்கார வைத்துவிட்டுக் கணவர்களை மட்டும் எண்ணிப் பார். மூன்று தம்பதிகள் என்றால் ஒரே வழி: ஒவ்வொருவரும் தன் துணைக்கு நேர் எதிரே. நான்கு தம்பதிகள் என்றால் இரண்டு வழிகள். ஐந்துக்கு 13, ஆறுக்கு 80. போன ஞாயிறு அம்மாவும் நானும் சாப்பாட்டு மேசையில் துவரம்பருப்பையும் கொண்டைக்கடலையையும் தம்பதிகளாக வைத்து நான்கு வரை போட்டுப் பார்த்தோம். இரண்டாவது வழியைக் கண்டுபிடித்தவர் அம்மா. உன்னிடம் அதைச் சொல்லச் சொன்னார்.

அடுத்த லெவலில் இரண்டு மேசைகள் என்று சொன்னாய். முதலில் யார் எந்த மேசை என்பதை மட்டும் தீர்த்துக்கொள். நாற்காலியைப் பிறகு பார்க்கலாம். "அவரோடு ஒரே மேசை வேண்டாம்" என்கிறவர்கள் அங்கே உனக்கு முதலிலேயே உதவுவார்கள், ஏனென்றால் இரண்டே மேசைகள் இருக்கும்போது ஒன்று கூடாது என்றால் மற்றொன்று என்று ஆகிவிடுகிறது. முகம் சிவந்தால் பதறாதே. சிவப்பு என்பதும் ஒரு தகவல்தான்.

நீ அங்கே தனியாக இருக்கிறாய், வேலை முடிந்து வரும் பஸ்ஸில் இந்த விளையாட்டுதான் துணை என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அந்த அரைமணி நேரம் உனக்கு முழுதாகக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. நான் போட்ட ஒன்றையும் இத்துடன் அனுப்புகிறேன். இதற்குக் குறிப்புப் பொத்தான் கிடையாது.

ரயில் பெட்டியில் ஓர் அடைப்பு. ஒரு பக்கம் 1 கீழ், 2 நடு, 3 மேல். எதிர்ப்பக்கம் 4 கீழ், 5 நடு, 6 மேல். தாத்தா, பாட்டி, அத்தை, மாமா, அண்ணன், தங்கை என்று ஆறு பேர். தாத்தாவாலும் பாட்டியாலும் ஏற முடியாது, இருவருக்கும் கீழ்ப் படுக்கை. தாத்தாவுக்கு நேர் மேலே நடுப்படுக்கையில் அத்தை. அத்தையும் மாமாவும் ஒரே பக்கத்தில் இல்லை. தங்கைக்கு மேல் படுக்கை கூடாது. அண்ணனின் படுக்கை எண் மாமாவின் எண்ணைவிடச் சிறியது. 5-ஆம் எண்ணில் படுத்திருப்பது யார்? பெயரை மட்டும் எழுதாதே, ஒவ்வொரு படியாகக் காரணத்தோடு எழுதி அனுப்பு. தம்பியும் போடுகிறான், இரண்டையும் சேர்த்து வைத்துத் திருத்துகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா